தோட்டத்துச் செடிகளின் லத்தீன் பெயர்கள்

அரளி என்ற பெயரில் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் குறைந்தது மூன்று செடிகள் உண்டு. கோயில் மாலைகளில் சேரும் சிவப்பு, வெள்ளை அரளி ஒன்று. மணி வடிவ மஞ்சள் பூவும் பச்சைக் காயும் கொண்ட மஞ்சள் அரளி மற்றொன்று. தடித்த கிளையை ஒடித்தால் பால் வடியும் ஈழத்தலரி மூன்றாவது. முதலாவதன் தாவரவியல் பெயர் நீரியம் ஒலியாண்டர். இரண்டாவது காஸ்கபெலா தெவீஷியா. மூன்றாவது ப்ளூமேரியா பேரினத்தைச் சேர்ந்தது. முதலாவது மத்தியதரைக் கடல் பகுதி தொடங்கி ஆசியா வரை இயல்பாக வளர்வது. மற்ற இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து சேர்ந்தவை. இதற்கு நேர்மாறாக, ஒரே செடி ஊருக்கொரு பெயரில் வழங்குவதும் உண்டு. நித்தியகல்யாணி சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி, இலங்கையில் பட்டிப்பூ. செண்டுமல்லிக்கும் பவழமல்லிக்கும் பெயரில்தான் மல்லி. அந்திமந்தாரைக்கு மந்தாரையோடு உறவே கிடையாது. ஊர்ப்பெயர்கள் பிழையானவை அல்ல. மணத்தையும் நிறத்தையும் பயனையும் பார்த்து மக்கள் வைத்தவை அவை. ஆனால் விதை வாங்குபவரும் மருந்து செய்பவரும் நஞ்சு முறிக்கும் மருத்துவரும் ஒரே செடியைத்தான் குறிப்பிடுகிறார்கள் என்று உறுதிசெய்ய அவை போதாது.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. அவர்கள் கண்ட வழி, செடியின் பெயரையே லத்தீனில் ஒரு வருணனையாக எழுதிவிடுவது. சொடக்குத் தக்காளி வகைச் செடி ஒன்று ஓராண்டே வாழ்வது, ஏராளமாகக் கிளைப்பது, கிளைகள் கோணங்களுடன் மயிரின்றி இருப்பது, இலை விளிம்பு பல்பல்லாக இருப்பது என்ற அத்தனையும் அதன் பெயருக்குள் அடங்கின. அதைப் போன்ற இன்னொரு செடி கிடைத்துவிட்டால், இரண்டையும் பிரித்துக்காட்ட மேலும் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். செடிகள் பெருகப் பெருகப் பெயர்களும் நீண்டன.

சுவீடன் நாட்டு மருத்துவரும் தாவரவியலாளருமான கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' என்ற இரு தொகுதி நூல் ஏறத்தாழ 6,000 தாவரங்களை வரிசைப்படுத்தியது. அதிலும் நீண்ட வருணனைகள் இருந்தன. லின்னேயஸ் அவற்றையே முறையான பெயர்களாகக் கருதினார். ஆனால் பக்கத்தின் ஓரத்தில், நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக, ஒவ்வொரு செடிக்கும் ஒற்றைச் சொல் ஒன்றை அச்சிட்டிருந்தார். பேரினப் பெயரோடு அந்த ஓரச் சொல்லைச் சேர்த்தால் போதும், செடி இன்னதென்று தெரிந்துவிடும். மேலே சொன்ன செடி 'பைசாலிஸ் ஆங்குலேட்டா' ஆயிற்று. ஓரக் குறிப்பாக வந்த இந்த முறையே நிலைத்தது. தாவரங்களின் பெயரிடல் 1753 மே 1 அன்று தொடங்குகிறது என்பது இன்று அனைத்துலக விதி. அதற்கு முன் புழங்கிய பெயர்கள் கணக்கில் வராது. இந்த மாற்றத்தின் சாரம் பெயரின் சுருக்கத்தில் மட்டும் இல்லை. அதுவரை செடியை வருணிப்பதும் செடிக்குப் பெயரிடுவதும் ஒரே வேலையாக இருந்தன. 1753க்குப் பிறகு அவை இரண்டு வேலைகளாயின.

இருசொற்பெயரில் முதற்சொல் பேரினம்; இரண்டாவது, அந்தப் பேரினத்துக்குள் குறிப்பிட்ட ஒரு சிற்றினத்தைச் சுட்டுவது. குண்டுமல்லி ஜாஸ்மினம் சாம்பாக், பிச்சி ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம், முல்லை ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம். மூன்றும் ஒரு பேரினத்துச் செடிகள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பவழமல்லியின் பெயர் நிக்டாந்தஸ் ஆர்போர்-டிரிஸ்டிஸ் என்பதால் அது வேறு பேரினம் என்பதும் உடனே விளங்கும். இரண்டாவது சொல் தனியே நின்றால் எதையும் குறிக்காது. 'நூசிஃபெரா' என்றால் கொட்டை தருவது. தென்னை கோகோஸ் நூசிஃபெரா, தாமரை நெலும்போ நூசிஃபெரா. இரண்டுக்கும் பொதுவானது அந்தச் சொல் மட்டுமே. ரோமன் எழுத்தில் பேரினத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகவும், சிற்றினச் சொல்லை முழுக்கச் சிறிய எழுத்திலும், இரண்டையும் சாய்வெழுத்திலும் அச்சிடுவது மரபு. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. எனவே செடிக்கு மாட்டும் அட்டையில் தமிழ்ப் பெயருக்குக் கீழே ரோமன் எழுத்திலும் பெயரைப் பொறிப்பதே நல்லது.

பேரினத்துக்கு மேலே இருப்பது குடும்பம். அதன் பெயர் 'ஏசியே' என்று முடியும். மூன்று அரளிகளும் நித்தியகல்யாணியும் நந்தியாவட்டையும் அப்போசைனேசியே குடும்பம். ஒடித்தால் பால் வடிவது அக்குடும்பத்தில் பரவலாகக் காணப்படும் பண்பு. நஞ்சுள்ள செடிகளும் அதில் பல. மல்லிகைகளும் பவழமல்லியும் ஓலியேசியே குடும்பத்துக்குள் மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. அந்த வகையில் பவழமல்லிக்கு மல்லி என்று பெயர் வைத்த தமிழர் முற்றிலும் தவறிவிடவில்லை.

லத்தீன் பெயர்களைப் படிக்கும்போது முதலில் குழப்புவது சொல்லின் இறுதி. லத்தீனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத பொதுப்பால் என ஏதோ ஒரு பால் உண்டு. 'அஸ்' என முடிவது பெரும்பாலும் ஆண்பால், 'ஆ' பெண்பால், 'அம்' பொதுப்பால். பண்பைக் குறிக்கும் சிற்றினச் சொல் பேரினத்தின் பாலுக்கு ஏற்பத் தன் இறுதியை மாற்றிக்கொள்ளும். பெரிய பூ உடைய பிச்சி ஜாஸ்மினம் என்பதால் 'கிராண்டிஃப்ளோரம்'. வேலியில் படரும் நீலப்பூக் கொடி துன்பெர்ஜியா என்பதால் 'கிராண்டிஃப்ளோரா'. மரங்களைப் பெண்பாலாகக் கொள்வது பழைய லத்தீன் வழக்கம். அதனால் அரசமரம் 'ஃபைகஸ்' என்று ஆண்பால் போல முடிந்தாலும் 'ரெலிஜியோசா' என்ற பெண்பால் அடையைப் பெறுகிறது. குண்டுமல்லியின் 'சாம்பாக்' அரபு வழி வந்த பெயர்ச்சொல், பண்புச்சொல் அல்ல. ஆகவே எந்தப் பேரினத்தோடு சேர்ந்தாலும் மாறாது.

நித்தியகல்யாணியில் இந்த இலக்கணம் கண்முன்னே வேலை செய்வதைப் பார்க்கலாம். 1759இல் லின்னேயஸ் அதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். ரோசியா என்றால் ரோஜா நிறம். வின்கா ஐரோப்பாவில் தரையில் படரும் ஒரு பேரினம். மடகாஸ்கரிலிருந்து வந்த நித்தியகல்யாணி அதிலிருந்து வேறுபட்டது என்று கண்டு 1837இல் ஜார்ஜ் டான் அதைக் கேத்தராந்தஸ் பேரினத்துக்கு மாற்றினார். கேத்தராந்தஸ் ஆண்பால், எனவே ரோசியா 'ரோசியஸ்' ஆயிற்று. பேரினம் மாறினாலும் பழைய சிற்றினச் சொல்லைக் கைவிடக் கூடாது என்பது விதி, இறுதி மட்டும் மாறலாம். இச்செடியிலிருந்து எடுக்கப்படும் புற்றுநோய் மருந்துகளான வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகியவற்றின் பெயரில் மட்டும் வின்கா இன்றும் இருக்கிறது.

சிற்றினச் சொற்களில் தோட்டக்காரருக்கு மிகப் பயன்படுபவை வடிவத்தையும் தன்மையையும் சொல்பவை. ஆல்பா வெள்ளை, ரூப்ரா சிவப்பு, காக்சினியா கருஞ்சிவப்பு, லூட்டியா மஞ்சள். காகிதப்பூவில் 'கிளாப்ரா' என்பது மயிர் இல்லாதது. 'ஸ்பெக்டாபிலிஸ்' கண்ணைக் கவர்வது. இலையைத் தடவிப் பார்த்தால் முதலாவது வழவழப்பாகவும் இரண்டாவது மென்மயிருடனும் இருக்கும். 'டொமெண்டோசா' என்று பெயர் பெற்ற மஞ்சள் மந்தாரையின் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் பட்டுப்போல மயிர் அடர்ந்திருக்கும். ரெபென்ஸ் தரையில் ஊர்வது, ஸ்காண்டென்ஸ் பற்றி ஏறுவது, பெண்டுலா தொங்குவது, நானா குட்டையானது. பலஸ்ட்ரிஸ் என்ற சொல் இருந்தால் அது சதுப்பு நிலத்துச் செடி. தண்ணீர் தாராளமாக வேண்டும். சட்டைவா பயிரிடப்படுவது, எஸ்குலெண்டா உண்ணத் தக்கது. அஃபிசினாலிஸ் என்பது ஐரோப்பிய மடங்களின் மருந்துச் சரக்கறையில் இடம்பெற்ற செடிக்கு உரிய பெயர். முல்லையின் 'ஆரிகுலேட்டம்' காதுள்ளது என்று பொருள்படும். அதன் இலைக்காம்பில் பெரிய சிற்றிலைக்குக் கீழே இருபுறமும் நுணுக்கமான இரண்டு சிற்றிலைகள் காது மடல் போல ஒட்டியிருப்பதைப் பூப்பறிப்பவர்கள்கூடக் கவனிப்பது அரிது.

ஊர்களைக் குறிக்கும் சொற்கள் தனிக் கூட்டம். சைனென்சிஸ் சீனம், கேப்பென்சிஸ் நன்னம்பிக்கை முனை, ஜைலானிக்கா இலங்கை. பால் ஹெர்மன் இலங்கையில் சேகரித்த தாவரங்களை வைத்து லின்னேயஸ் 1747இல் ஒரு தனி நூலே எழுதினார். வேலி மரமாக நடும் ஒதியனின் பெயர் லானியா கோரமண்டலிகா. சோழமண்டலக் கரை அதில் இருக்கிறது. முசுமுசுக்கையின் பெயர் குக்குமிஸ் மதராஸ்படானஸ், அதாவது மதராசப்பட்டணத்து வெள்ளரி. உள்ளூர்ச் சொற்களே பேரினப் பெயர்களாக மாறியதும் உண்டு. முருங்கை 'மொரிங்கா', புங்கம் 'பொங்காமியா', மாங்காய் 'மாஞ்ஜிஃபெரா' ஆகியவற்றுக்குப் பின்னால் தமிழும் மலையாளமும் நிற்கின்றன. இதற்குப் பெரிய வாயில் கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்'. லின்னேயஸ் இந்தியாவைப் பார்த்ததில்லை. இந்தியச் செடிகள் பலவற்றை அவர் அறிந்தது அந்நூலின் படங்கள் வழியாகத்தான்.

ஆட்களின் பெயரால் வழங்குபவை இன்னும் அதிகம். சார்லஸ் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி பிகோனியா, ஃபூஷியா, மக்னோலியா என்று மற்றவர்களைச் சிறப்பித்துப் பெயரிட்டவர். அவருக்குக் கிடைத்தது ப்ளூமேரியா. நந்தியாவட்டையின் டாபர்னேமொண்டானா, ஜெர்மனியின் பெர்க்சாபர்ன் ஊர்க்காரரான மருத்துவர் ஒருவர் லத்தீனில் வைத்துக்கொண்ட புனைபெயர். மந்தாரையின் பாஹினியா, பாஹின் சகோதரர்கள் இருவரின் நினைவாக வந்தது. ஒரே காம்பில் இரு மடலாகப் பிளந்து நிற்கும் அந்த இலையே சகோதரர்களுக்கு உவமை என்று லின்னேயஸ் விளக்கினார். இத்தகைய பெயர்களில் செடியைப் பற்றிய செய்தி பெரும்பாலும் எதுவும் இராது. சிற்றினச் சொல் 'இ' அல்லது 'இஐ' என முடிந்தால் ஓர் ஆணையும், 'ஏ' என முடிந்தால் ஒரு பெண்ணையும் குறிக்கும் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். கறிவேப்பிலையின் 'கோனிகிஐ', லின்னேயஸிடம் பயின்று 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்டு கோனிக்கைக் குறிக்கிறது.

இனி, சொல்லின் பொருளை நம்பி ஏமாறும் இடங்கள். கல்வாழையின் பெயர் கானா இண்டிகா. அதன் தாயகம் அமெரிக்கா. கொலம்பஸ் காலத்துக் குழப்பத்தால் அங்குள்ள தீவுகளும் 'இந்தியா' என்றே வழங்கின. புளியமரம் டாமரிண்டஸ் இண்டிகா. அரபு மொழியில் 'இந்தியப் பேரீச்சை' என்ற சொல்லோடு 'இண்டிகா'வும் சேர்ந்து இந்தியா இருமுறை வருகிறது. மரமோ ஆப்பிரிக்காவுக்கு உரியது. அந்திமந்தாரையின் 'ஜலாப்பா', மெக்சிகோவின் ஹலாப்பா நகரின் பெயரால் அறியப்பட்ட பேதி மருந்துக் கிழங்கு இதுதான் என்ற தவறான நம்பிக்கையில் வந்தது. மருதாணிக்கு லின்னேயஸ் 1753இல் இரண்டு பெயர்கள் வைத்தார்: முள்ளற்றது என்ற பொருளில் லாசோனியா இனெர்மிஸ், முள்ளுள்ளது என்ற பொருளில் லாசோனியா ஸ்பைனோசா. இளஞ்செடியில் முள் இல்லை, வயதான கிளைகளின் நுனி முள்ளாக மாறும். இரண்டும் ஒரே செடிதான். நிலைத்த பெயர் இனெர்மிஸ். முதிர்ந்த மருதாணி வேலியில் கை வைத்தவர்களுக்கு அதன் பொருத்தம் தெரியும்.

ஆயினும் இவற்றில் எதையும் திருத்த முடியாது. பொருள் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக ஒரு பெயரை நீக்கக் கூடாது என்று தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. பெயர் செடியின் அடையாளம். அதன் குணச்சான்று அல்ல. அந்த அடையாளம் சொல்லின் பொருளில் தங்கியிருக்கவில்லை, வகை மாதிரி எனப்படும் ஒன்றில் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு சிற்றினப் பெயரும், தாளில் ஒட்டிப் பாதுகாக்கப்படும் உலர்ந்த செடி ஒன்றோடு, அல்லது பழைய பெயர்களில் ஒரு படத்தோடு, நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கும். லின்னேயஸின் சொந்தத் தொகுப்பை 1784இல் ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் என்ற ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார். அது இன்று லண்டன் லின்னேயச் சங்கத்தில் இருக்கிறது. பொருளுக்காகப் பெயரை மாற்றுவதில்லை என்ற மரபில் ஓர் அரிய விலக்கு 2024இல் மாட்ரிட் நகரில் கூடிய தாவரவியல் மாநாட்டில் நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் 'காஃப்ரா' என்ற சொல்லைக் கொண்ட 200க்கும் மேற்பட்ட பெயர்களை, ஆப்பிரிக்காவைக் குறிக்கும் 'ஆஃப்ரா' என்று மாற்ற அங்கே வாக்களித்தார்கள்.

நூல்களில் இருசொற்பெயரை அடுத்து வரும் சுருக்கம் பெயர் வைத்தவரைக் குறிக்கும். லின்னேயஸுக்கு 'எல்.' என்ற ஒற்றை எழுத்தே போதும்; 'ராக்ஸ்ப்.' என்றால் சென்னை மாகாணத்தில் பணியைத் தொடங்கி கல்கத்தா தாவரவியல் பூங்காவை நடத்திய வில்லியம் ராக்ஸ்பர்க். குண்டுமல்லிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எல். என்றும் வெளியே ஐட்டன் என்றும் இருக்கும். லின்னேயஸ் முதலில் அதைப் பவழமல்லியின் பேரினத்தில் வைத்தார், பிறகு ஐட்டன் ஜாஸ்மினத்துக்கு மாற்றினார் என்ற வரலாறு அந்த அடைப்புக்குறியில் அடக்கம்.

பெயர்கள் ஏன் மாறுகின்றன என்பதே தோட்டக்காரர்களின் பெரிய குறை. காரணங்கள் இரண்டு. ஒரே செடிக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தியதே செல்லும் என்பது முதல் விதி. புனிதமானது என்ற பொருளில் ஓசிமம் சாங்டம் என்று வழங்கிய துளசிக்கு அப்பெயர் வந்தது 1767இல். அதற்கு முன்பே, 1753இல், மெல்லிய பூவுடையது என்ற பொருளில் லின்னேயஸே அதை ஓசிமம் டெனுயிஃப்ளோரம் என்று குறித்துவிட்டார். எனவே புனிதம் போய் மெல்லிய பூ நின்றது. இரண்டாவது காரணம் உறவு பற்றிய அறிவு வளர்வது. பாம்புக்கற்றாழையான சான்சிவீரியா, மரபணு ஒப்பீட்டுக்குப் பின் டிரசீனாவுக்குள் சேர்ந்தது. தெருவோர நெட்டிலிங்கம் பாலியால்தியாவிலிருந்து மோனூன் ஆயிற்று. கறிவேப்பிலை லின்னேயஸின் கையில் பெர்ஜெரா, 1825இல் முர்ராயா, இப்போது மீண்டும் பெர்ஜெரா.

இந்த மாற்றங்களுக்கு எதிராகத் தோட்டக்காரர்கள் வென்ற கதையும் உண்டு. கிரைசாந்திமம் என்ற பழைய பேரினம் பல துண்டுகளாக உடைந்தபோது, விதிப்படி அப்பெயர் மத்தியதரைக் கடல் பகுதிச் செடிகளுக்குப் போயிற்று; உலகமே கிரைசாந்திமம் என்று அழைத்த சாமந்தி, டென்ட்ராந்திமா என்று பெயர் மாறியது. பூ வணிகர்களும் வளர்ப்பவர்களும் அதை ஏற்கவில்லை. பெயரைத் தக்கவைக்க வேண்டும் என்ற முன்மொழிவு 1999இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் முடிவாகி, சாமந்தி தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. அதற்காகப் புதிய ஆதாரமாகத் தேர்ந்த சிற்றினம் கிரைசாந்திமம் இண்டிகம். கிழக்காசியாவுக்கு உரிய செடி அது.

மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகங்களுக்குத் தனி விதி. ரகப் பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் நேரெழுத்தில் வரும். 1959 ஜனவரி 1 முதல் புதிய ரகப் பெயரை லத்தீனில் வைக்கக் கூடாது. எந்த நடைமுறை மொழியிலும் வைக்கலாம். பெருக்கல் குறி இருந்தால் அது கலப்பினம்; காகிதப்பூவின் × பட்டியானா அப்படிப்பட்டது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிடும் ரகங்களில் 'கோ' என்ற எழுத்து ஊரைக் குறிக்கும். பிச்சியிலும் முல்லையிலும் 'கோ 1', 'கோ 2' உண்டு. ஒரே எண் என்பதால் ஒரே ரகம் ஆகாது, முன்னால் சிற்றினப் பெயர் அவசியம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியோ, தாவரவியலில் வேறு சிற்றினம் அல்ல. அதுவும் ஜாஸ்மினம் சாம்பாக்தான். குறியீடு விளையும் நிலத்துக்கும் தரத்துக்கும் உரியது.

நர்சரிகளில் செடிகள் பெரும்பாலும் பழைய பெயரிலேயே விற்கின்றன. புதிய நூல்கள் புதிய பெயரில் எழுதுகின்றன. லண்டன் கியூ தாவரவியல் பூங்கா இணையத்தில் கட்டணமின்றித் தரும் தாவரப் பட்டியலில் எந்தப் பழைய பெயரைத் தேடினாலும் இன்று ஏற்கப்படும் பெயரும் அதன் மற்றப் பெயர்களும் சேர்ந்தே வரும். வீட்டுத் தோட்டத்து அட்டையில் இரண்டையும் எழுதி வைப்பவர் கடைக்காரரிடமும் நூலிடமும் தடுமாற வேண்டியதில்லை.